புதிய தலைவரும் பழைய டூட்டிப் பதிவேடும்

ஆண்டுதோறும் அக்டோபர் 21-ஆம் தேதி காலையில், மாவட்டத் தலைநகரங்களின் ஆயுதப்படை மைதானங்களில் காவலர் வீரவணக்க நாள் அனுஷ்டிக்கப்படுகிறது. 1959-ஆம் ஆண்டு அதே தேதியில், லடாக்கின் உறைபனிப் பிரதேசமான ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் சீனப் படையினரின் துப்பாக்கிச் சூட்டுக்கு 10 போலீஸ் வீரர்கள் பலியானதை நினைவுகூரும் அந்நாளில், நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைக்கப்படுகிறது. அவ்வாண்டில் கடமையின்போது உயிர்நீத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. வணங்கத் தக்க சம்பிரதாயம் அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், திருவிழாப் பந்தோபஸ்து முடிந்து மூன்றாம் நாள் மாரடைப்பால் சாய்ந்த ஏட்டின் பெயரும், இரவு முழுவதும் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகையில் தூக்கக் கலக்கத்தில் லாரியின் பின்புறத்தில் மோதிய இளம் கான்ஸ்டபிளின் பெயரும், மனம் நொந்து தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவரின் பெயரும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. அவர்களையும் அந்த உத்தியோகம்தான் கொண்டுபோயிற்று என்று அவர்களுடைய குடும்பத்தார் அறிவார்கள். உடன் வேலை பார்த்தவர்களும் அறிவார்கள்.

ஒரு மாநிலத்துக்குத் தலைமை இயக்குநராகவோ, ஒரு மாநகருக்குக் கமிஷனராகவோ, ஒரு மாவட்டத்துக்குக் கண்காணிப்பாளராகவோ புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரியை முதல் நாளிலேயே பத்திரிகையாளர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். ரௌடிகளை ஒடுக்குவது, கஞ்சாவை ஒழிப்பது, பெண்களுக்குப் பாதுகாப்பு அளிப்பது என்று அவர் சொல்லும் உறுதிமொழிகள் யாவும் அவசியமானவையே. ஆனால் அவ்வுறுதிமொழிகளைத் தெருவில் நின்று நிறைவேற்றப்போகிறவர்களின் உடலும் மனமும் எந்த நிலையில் இருக்கின்றன என்ற கேள்வியை அன்று எவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. புதிய தலைவர் ஒருவர் தம் படையினரின் உயிரையும் ஆரோக்கியத்தையும் காக்க மெய்யாகவே விரும்பினால், அவர் முதலில் வரவழைத்துப் பார்க்க வேண்டியது குற்றப் புள்ளிவிவரத்தையோ புதிய வாகனங்களுக்கான கோப்பையோ அன்று. ஒவ்வொரு நிலையத்திலும் யார், எத்தனை மணி நேரம், எத்தனை நாள் தொடர்ந்து வேலை பார்த்தார் என்பதைச் சொல்லும் டூட்டிப் பதிவேட்டைத்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். மற்ற நலத்திட்டங்கள் எல்லாம் அதற்குப் பின்னரே வரவேண்டியவை.

நிலைய எழுத்தர் ஒவ்வொரு நாளும் டூட்டி போடும்போது எதிர்கொள்ளும் சங்கடத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே அதன் கடுமை விளங்கும். நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை காகிதத்தில் ஒன்று. அதில் நிரப்பப்படாத இடங்களைக் கழித்தால் மிஞ்சுவது வேறொன்று. மிஞ்சியவர்களிலும் ஒருவர் கோர்ட் டூட்டி, ஒருவர் சம்மன் கொடுக்கப் போயிருப்பார், இருவர் கைதியை மருத்துவமனைக்கோ சிறைக்கோ அழைத்துச் சென்றிருப்பார்கள், ஒருவர் அயல்பணியாக வேறோர் அலுவலகத்தில் இருப்பார், ஒருவர் மருத்துவ விடுப்பில் இருப்பார். பாராவுக்கு ஆள் நிறுத்தியாக வேண்டும். இரவு ரோந்துக்கு ஆள் அனுப்பியாக வேண்டும். மாலையில் அமைச்சர் ஒருவர் வருகிறார் என்று செய்தி வந்தால் பந்தோபஸ்துக்கும் அதே ஆட்களே போக வேண்டும். ஆகவே, நேற்றிரவு ரோந்து போனவரையே இன்று காலை ரோல்காலுக்கு அழைத்து, அங்கிருந்து அப்படியே சாலைக்கு அனுப்பி வைப்பதைத் தவிர எழுத்தருக்கு வேறு வழி தோன்றுவதில்லை. அவர் கொடியவர் அல்லர். கையிலிருக்கும் சிலரைக்கொண்டு பலருடைய வேலையை நிரப்பவேண்டிய நிர்ப்பந்தத்தில் இருப்பவர்.

இது இன்று நேற்று ஏற்பட்ட நோய் அன்று. 1977-இல் தரம்வீரா அவர்களின் தலைமையில் அமைக்கப்பட்ட தேசிய போலீஸ் கமிஷன், 1979 பிப்ரவரியில் அளித்த தன் முதல் அறிக்கையிலேயே, கான்ஸ்டபிள் ஒருவர் நாளொன்றுக்கு 10 முதல் 16 மணி நேரம், வாரத்தின் ஏழு நாளும் உழைக்கிறார் என்று எடுத்துரைத்தது. 35 ஆண்டுகள் கழித்து, 2014-இல், மத்திய அரசின் போலீஸ் ஆராய்ச்சி, வளர்ச்சி நிறுவனத்துக்காக ஹைதராபாத் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி நடத்திய ஆய்வு, நிலையங்களில் பணிபுரிவோரில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் 8 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதையும், நான்கில் மூன்று பங்கினருக்கு மாதத்தில் ஒரு வார ஓய்வுகூடக் கிட்டாததையும் வெளிப்படுத்தியது. 2019-இல் ‘காமன் காஸ்’ அமைப்பும் லோக்நீதியும் இணைந்து வெளியிட்ட அறிக்கையில் சராசரிப் பணிநேரம் 14 மணி என்று கண்டது. இந்த நாற்பது ஆண்டுகளில் ஒயர்லெஸ் கருவிகள் மாறின, ஜீப்புகள் மாறின, காக்கிச் சட்டையின் துணிகூட மாறியது. வேலை நேரம் மட்டும் மாறவில்லை.

தூக்கமின்மையை வெறும் சிரமம் என்று எண்ணுகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சிந்திக்க வேண்டும். 1997-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் மனிதனின் செயல்திறன், இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் மதுச்சத்து உள்ளவனுடைய செயல்திறன் அளவுக்குக் குன்றிவிடுகிறது என்று நிரூபித்தது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 30 மில்லி கிராமைத் தாண்டினாலே வாகனம் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. இரவு பதினொரு மணிக்குச் சாலையோரத்தில் நின்று, வாகன ஓட்டியின் வாயருகே சுவாசக் கருவியை நீட்டுகிற காவலர், அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து ரோல்காலுக்கு வந்தவராயின், அவர் யாரைப் பரிசோதிக்கிறாரோ அவரைக் காட்டிலும் நிதானம் குன்றியவராக அந்நேரத்தில் இருக்கக்கூடும். அவர் கையில் லத்தி இருக்கிறது. சில சமயம் துப்பாக்கியும் இருக்கிறது. பணி முடிந்ததும் இரு சக்கர வாகனத்தில் வீடு திரும்ப வேண்டியவராகவும் இருக்கிறார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் புரட்டினால், பணியின்போது குற்றவாளிகளின் கையால் உயிரிழந்த போலீஸாரைவிட விபத்துகளில் உயிரிழந்தவர்களின் எண்ணிக்கையே மிகுதியாக இருப்பதைக் காணலாம்.

குற்றவாளிகளின் கையால் நேரும் மரணங்களிலும் டூட்டிப் பதிவேட்டுக்குப் பங்கு உண்டு. 2021 நவம்பரில், திருச்சி மாவட்டம் நவல்பட்டுக் காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர், இரவு ரோந்தின்போது ஆடு திருடர்களைப் புதுக்கோட்டை மாவட்ட எல்லை வரை மோட்டார் சைக்கிளில் விரட்டிச் சென்று, பிடித்த இடத்தில் துணையின்றித் தனித்து நின்ற நிலையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி இரவு, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் மற்றொரு சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்வாறான சம்பவங்களுக்குப் பின் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லுங்கள், தற்காப்புக்குச் சுடத் தயங்காதீர்கள் என்று மேலிருந்து அறிவுரை வருகிறது. அறிவுரை நல்லதே. ஆயினும், ரோந்துக்கு இருவராகவே போகவேண்டும், வாகனத்தைத் துரத்தும்போது அடுத்த நிலையத்தாருக்குச் செய்தி கொடுத்து அவர்கள் வந்து சேரும்வரை தனியாக நெருங்கக் கூடாது என்ற விதி நடைமுறையில் நிற்க வேண்டுமானால், அந்த இரண்டாவது ஆள் அன்றிரவு நிலையத்தில் இருந்தாக வேண்டும். அவர் கண் விழித்திருக்கும் நிலையிலும் இருந்தாக வேண்டும். சந்தேகத்துக்குரிய வாகனத்தை நிறுத்தும்போது எந்தப் பக்கத்தில் நிற்பது, இரவில் பிரதிபலிக்கும் மேலங்கியை எப்போது அணிவது என்பவையெல்லாம் பயிற்சியால் வரும். களைத்த உடலில் பயிற்சி வேலை செய்யாது.

இந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாது என்று சொல்வாருக்கு மும்பை ஒரு பிரத்தியட்ச உதாரணம். 2016 ஜனவரி இறுதியில் அந்நகரின் போலீஸ் கமிஷனராகப் பொறுப்பேற்ற தத்தாத்ரேய பட்சல்கிகரிடம், தேவநார் நிலையத்தைச் சேர்ந்த சாதாரணக் கான்ஸ்டபிள் ஒருவர், இருக்கின்ற ஆட்களைக்கொண்டே 8 மணி நேர முறையை எப்படிக் கொண்டுவரலாம் என்று தாமே வகுத்த திட்டம் ஒன்றைச் சமர்ப்பித்தார். கமிஷனர் அதை அலட்சியம் செய்யவில்லை. ‘அரசுக்கு எழுதுகிறேன், ஆள் வரட்டும்’ என்று தள்ளிப்போடவும் இல்லை. அதே தேவநார் நிலையத்தில் அவ்வாண்டு மே மாதமே பரீட்சார்த்தமாக அம்முறை தொடங்கியது. எட்டு மணி நேரம் வேலை, பிறகு பதினாறு மணி நேரம் தமக்கென்று; இந்த எளிய கணக்கு மெல்ல மெல்ல நகரின் மற்ற நிலையங்களுக்கும் பரவியது. இதில் என் மனத்தை மிகவும் கவர்வது எட்டு மணி நேரம் என்ற எண்கூட அன்று. ஒரு கான்ஸ்டபிள் எழுதிய காகிதம், இடையிலிருக்கும் படிகளில் எங்கும் தொலைந்துபோகாமல், மாநகரின் உச்ச அதிகாரியின் மேசைவரை சென்றதும், அவர் அதைப் படித்ததுமே. ஆட்களின் பற்றாக்குறையைத் தினந்தோறும் அனுபவிப்பவனுக்குத்தான் எந்த வேலையை எங்கே சுருக்கலாம், எந்தப் பாராவை எடுத்துவிடலாம், எந்த இருவரின் வேலையை ஒருவர் பார்க்கலாம் என்ற நுட்பம் தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய பிரயத்தனம் நடந்ததுண்டு. 2021 ஜூன் இறுதியில் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற சைலேந்திர பாபு, பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, காவலர் முதல் தலைமைக் காவலர் வரையில் உள்ளவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வும், பிறந்த நாளிலும் திருமண நாளிலும் விடுப்பும் அளிக்குமாறு சுற்றறிக்கை அனுப்பினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் வார ஓய்வுக்கு அரசாணையும் வந்தது. அந்நாளில் காவலர் குடியிருப்புகளில் நிலவிய மகிழ்ச்சி மெய்யானது. ஆயினும், அரசாணை பிறந்த பின்னரும் அது நடைமுறையில் இல்லை என்ற முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை செல்ல நேர்ந்ததென்றால், உத்தரவு இடுவதற்கும் அது நிலையத்தின் கரும்பலகைவரை போய்ச் சேருவதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நாம் உணர வேண்டும். ‘ஓய்வு கொடுக்கப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு ஆளை வேலைக்கு அழைத்துக்கொள்வது மிகச் சுலபம். ஆகையால் புதிய தலைவர் இன்ஸ்பெக்டரைக் கேட்டுத் திருப்தியடையக் கூடாது. முன்னறிவிப்பின்றி ஒரு நிலையத்துக்குள் நுழைந்து, பாராவில் நிற்பவரிடம், கடைசியாக எந்தக் கிழமை வீட்டில் இருந்தாய், அன்று தொலைபேசியில் அழைத்தார்களா என்று அன்புடன் கேட்டால், ஒரு மாத அறிக்கையில் தெரியாதது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி நியாயமானதே. புதிய நியமனம் அரசின் கையில் இருக்கிறது. அதற்கு நிதி வேண்டும், காலமும் வேண்டும். ஆனால் தலைவரின் கையிலேயே இருக்கும் ஆட்கள் சிலர் உண்டு. அதிகாரிகளின் சொந்த வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையைத் தமிழ்நாடு அரசு 1979-இலேயே ஒழித்து ஆணையிட்டது. அவ்வாணை பிறந்து 43 ஆண்டுகளுக்குப் பின், 2022-இல், அதிகாரிகளின் இல்லங்களில் பயிற்சி பெற்ற காவலர்கள் வீட்டு வேலை செய்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் வன்மையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. புதிய தலைவர் தம் வீட்டிலும் முகாம் அலுவலகத்திலும் இருப்பவர்களில் மெய்யான பாதுகாப்புக்குத் தேவையானவர் தவிர மற்றவர்களை முதல் வாரத்திலேயே நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் பின் தமக்குக் கீழுள்ளவர்களிடம் அதே கணக்கைக் கேட்பாரானால், அதற்கு எவரும் எதிர்வார்த்தை சொல்ல மாட்டார்கள். திரும்புகிற ஆட்களின் எண்ணிக்கையைவிட, அச்செய்கையால் கடைசிக் காவலரின் மனத்தில் ஏற்படும் நம்பிக்கை பெரிது.

வழக்கத்தால் மட்டும் நீடிக்கும் பந்தோபஸ்துகளும் அநேகம். 2021 ஜூனில், முக்கியப் பிரமுகர்கள் செல்லும் வழியில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண் போலீஸாரை நிறுத்தவேண்டாம் என்று அப்போதைய தலைமை இயக்குநர் திரிபாதி உத்தரவிட்டார். நிழலில்லாத சாலையில், கழிப்பிட வசதி ஏதுமின்றி, தண்ணீர் குடித்தால் என்ன செய்வது என்ற அச்சத்திலேயே தாகத்தை அடக்கிக்கொண்டு மணிக்கணக்காக நின்ற பெண்களுக்கு அந்த உத்தரவு அளித்த நிம்மதி அளவற்றது. 1973-இல் தமிழகக் காவல்துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்ததன் பொன்விழா 2023 மார்ச்சில் கொண்டாடப்பட்டபோது, பெண் போலீஸாரின் ரோல்கால் காலை 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும். இதற்கெல்லாம் பெரும் பொருட்செலவு ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மனத்தின் நலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 2023 ஜூலையில், கோயம்புத்தூர்ச் சரகத்தின் காவல்துறைத் துணைத் தலைவராக இருந்த ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி தமிழகத்தையே அதிரச் செய்தது. உயர்ந்த பதவியும் நண்பர்களின் மரியாதையும் மருத்துவரின் உதவியும் உள்ளவரையே மனச்சோர்வு வீழ்த்தக்கூடுமெனில், இவற்றுள் ஒன்றுமில்லாத இரண்டாம் நிலைக் காவலரின் கதி என்ன என்று அன்று பலரும் நினைத்திருப்பார்கள். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துடன் இணைந்து 2018-இல் தமிழகக் காவல்துறை வகுத்த ‘காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி’, காவலருடன் குடும்பத்தாரையும் சேர்த்து எண்ணிய சிறந்த ஏற்பாடு. சென்னை மாநகரப் போலீஸாருக்கென ‘மகிழ்ச்சி’ என்ற ஆலோசனைத் திட்டமும் பின்னர் வந்தது. இருந்தும், ஆலோசகரின் கதவைத் தட்டத் தயங்கி, வாசலில் இருந்தே திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் திரும்புவதற்குக் காரணம் அறியாமையன்று, பயம். ‘இவனுக்கு மனசு சரியில்லையாம்’ என்ற ஒரு வாக்கியம் நிலையத்துக்குள் வந்துவிட்டால், நல்ல பொறுப்புகள் கைவிட்டுப் போகும், சக காவலர்களின் பார்வை மாறும், பதவி உயர்வின்போது அது எவர் வாயிலிருந்தாவது வெளிவரும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுவோரின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை வழங்குகிறது. காக்கியணிந்தவருக்கு அந்த உரிமை இல்லையென்று அச்சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆலோசகர் காவல்துறையின் கட்டளைக்கு உட்படாதவராக இருக்கவேண்டும். சந்திக்கும் இடம் கமிஷனர் அலுவலக வளாகத்துக்கு வெளியே இருக்கவேண்டும். யார் வந்தார் என்ற பெயர்ப் பட்டியல் எந்த அதிகாரியின் மேசைக்கும் வரக்கூடாது. இம்மூன்றையும் புதிய தலைவர் எழுத்து மூலமாக உறுதியளித்து, இயலுமாயின், தாமே ஒருமுறை ஆலோசகரைச் சந்தித்ததைப் படையினரிடம் வெளிப்படையாகச் சொல்வாரானால், நூறு சுவரொட்டிகள் செய்யாததை அது செய்யும். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் ஆயுதத்தைச் சிறிது காலம் விலக்கி வைக்க வேண்டி வரலாம். அதைத் தண்டனையாகவன்றிச் சிகிச்சையின் ஒரு பகுதியாகச் செய்து, குணமானதும் மரியாதையுடன் திருப்பிக் கொடுக்கும் முறையும் வகுக்கப்படவேண்டும்.

மனத்தை நைந்துபோகச் செய்வதில் வேலையின் பளுவுக்கு நிகரானது அவமானம். ஒயர்லெஸ்ஸில் எல்லா நிலையங்களும் கேட்டுக்கொண்டிருக்க, வயதில் மூத்த ஏட்டை ஒருமையில் ஏசும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. சிறு தாமதத்துக்கும் மெமோ. மெமோவின் பின்னே ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி 3(பி) குற்றச்சாட்டு. அது முடியும்வரை பதவி உயர்வு நிறுத்தம் என்று ஆண்டுகள் கழிகின்றன. கேரளத்துக் காவலர்களுக்குத் தங்கள் குறையை எடுத்துச் சொல்ல அங்கீகாரம் பெற்ற சங்கம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காவலருக்கு அது இல்லை. ஆகவே அதிகாரியின் செவியொன்றே அவருக்கு உள்ள வழி. காவலர்களை நேரில் அழைத்து விசாரிக்கும் வாராந்தர ஆர்டர்லி ரூமைத் தண்டனை வழங்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், குறைகேட்கும் நேரமாகவும் மாற்றி, கேட்ட குறைக்கு இன்ன தேதிக்குள் பதில் என்று எழுதிக் கொடுக்கும் தலைவரிடம், கீழுள்ளவர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்வார்கள்.

இங்கே ஒன்றை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் மாண்ட கொடுமைக்கோ, அதுபோன்ற எந்தக் கொடுமைக்கோ, வேலைப்பளுவும் தூக்கமின்மையும் சமாதானம் ஆகமாட்டா. ஓய்வு என்பது காவலருக்கு உரிமை. குடிமகனை அடிக்காமலிருப்பது அவருடைய கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றில் சலுகை கேட்பதற்கில்லை. ஆயினும், நிதானமுள்ள போலீஸ்காரரை விரும்பும் சமூகம், அவர் நிதானமாக இருப்பதற்கு வேண்டிய உறக்கத்தை அவருக்குக் கொடுப்பதில் அக்கறை கொள்ளத்தான் வேண்டும்.

உணவு, மருத்துவப் பரிசோதனை, உடற்பயிற்சி ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதும், பந்தோபஸ்துக்கு நேரத்தில் சூடான உணவும் குடிநீரும் நடமாடும் கழிப்பறையும் அனுப்புவதும், ஹெல்மெட்டை முதலில் காவலரே அணிவதும் எந்தத் தலைவரும் அறிந்த காரியங்களே. செய்யவேண்டியதுதான் பாக்கி.

இந்த மாற்றங்கள் நீடித்து நிற்பது எப்படி என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாநிலக் காவல்துறைத் தலைவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் வேண்டுமென்றது. மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குங்கூட அவ்வாறே விதித்தது. நடைமுறையிலோ கண்காணிப்பாளர் சில மாதங்களிலேயே மாற்றப்படுவதை அடிக்கடி காண்கிறோம். மும்பையின் எட்டு மணி நேர முறையும் இக்கதியிலிருந்து தப்பவில்லை: அதைக் கொண்டுவந்த கமிஷனர் போனார், கொரோனாக் காலம் வந்தது, முறை நிலைகுலைந்தது, 2022-இல், பெண் போலீஸாருக்கேனும் எட்டு மணி நேரப் பணி வேண்டுமென்று அந்நகரத்தில் மீண்டும் புதிதாக உத்தரவு பிறப்பிக்க வேண்டியதாயிற்று. நல்ல மனம் படைத்த ஒருவருடைய தயையாக வந்த ஓய்வு, அவர் மாற்றலாகும்போது அவருடனேயே போய்விடுகிறது.

ஆதலால் இன்று பதவியேற்கும் தலைவர், சுற்றறிக்கையோடு நின்றுவிடாமல், பணிநேரத்தின் உச்ச வரம்பையும், இரண்டு பணிகளுக்கு இடையே இருக்கவேண்டிய குறைந்தபட்ச இடைவெளியையும், ரோந்துக்கு இருவர் என்ற விதியையும் காவல் நிலையாணைகளிலேயே சேர்ப்பதற்கு அரசுக்கு எழுதவேண்டும். நிலையங்களின் வருடாந்தர ஆய்வில் கண்டுபிடித்த வழக்குகளின் கணக்குக்கு அடுத்தபடியாக, வழங்கிய வார ஓய்வுகளின் கணக்கும் கேட்கப்படவேண்டும். ஓய்வு நாளில் அழைக்கப்பட்டவருக்கு மிகைநேர ஊதியம் அம்மாதச் சம்பளத்துடனேயே சேர்ந்து வரவேண்டும். அப்பொழுதுதான், ஆளை அழைப்பதற்கு முன் இன்ஸ்பெக்டர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். பொறுப்பை ஒப்படைத்துச் செல்லும் நாளில், பின்வருபவரின் கையில் கொடுக்கும் குறிப்பில், எந்தெந்த நிலையத்தில் எத்தனை பேர் பற்றாக்குறை, எந்தப் பந்தோபஸ்துகள் குறைக்கப்பட்டன, எவரெவர் எந்த வீடுகளிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டனர் என்பதும் எழுதப்பட்டிருந்தால், அவர்களை மீண்டும் அங்கே அனுப்புவது அடுத்தவருக்கு அவ்வளவு எளிதாக இராது.